கோலி சோடாவும் காட்ஸ்வாலப்பும்: பழைய ஆங்கிலச் சொற்கள் மேல் ஏன் இத்தனை பாசம்?

கோலி சோடா குடித்தவர்களுக்கு அந்தப் பாட்டிலின் கழுத்து மறக்காது. கோலியை உள்ளே அழுத்தினால் ஒரு சத்தம் வரும், அப்புறம் புஸ்ஸென்று நுரை பொங்கும். அந்தப் பாட்டிலுக்கு 1872-இல் காப்புரிமை வாங்கியவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர். இங்கிலாந்தில் அதன் காலம் முடிந்து வெகுநாள் ஆகிறது, அங்கே இப்போது பழம்பொருள் சேர்ப்பவர்கள்தான் அதைத் தேடுகிறார்கள். ஆனால் ஹைரம் காட்டின் பெயர் ஒரு வசைச்சொல்லில் ஒட்டிக்கொண்டு இன்னும் உயிரோடு இருப்பதாக அங்கே நிறையப் பேர் நம்புகிறார்கள். யாராவது வாய்க்கு வந்தபடி அளந்தால் "எ லோட் ஆஃப் ஓல்டு காட்ஸ்வாலப்" என்பார்கள், சுத்தப் பிதற்றல் என்று அர்த்தம். 'வாலப்' என்றால் கொச்சையில் பியர். பியர் குடிக்கிறவர்கள் இந்தச் சோடாவைப் பார்த்து "இதெல்லாம் ஒரு சரக்கா, காட் என்ற ஆளுடைய வாலப்" என்று இளக்காரமாகச் சொன்னார்களாம், அதிலிருந்து வந்த சொல்லாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தேதிதான் இடிக்கிறது. காட்ஸ்வாலப் என்ற சொல் எழுத்தில் கிடைப்பது 1959-இல், பிபிசியின் நகைச்சுவைத் தொடர் ஒன்றுக்காக எழுதப்பட்ட வசனத்தில். பாட்டில் வந்து ஏறக்குறைய 90 ஆண்டு கழித்து. கதை நிஜமாக இருந்தால் இடையில் ஒரு பத்திரிகையிலோ ஒரு கடிதத்திலோ அது தலைகாட்டியிருக்க வேண்டாமா? பியருக்கு 'வாலப்' என்ற பெயர்கூட 20-ஆம் நூற்றாண்டில்தான் பதிவாகிறது. அகராதிக்காரர்கள் இதை எத்தனையோ முறை சொல்லிவிட்டார்கள். மக்கள் விடுவதாக இல்லை. பொய்யான பிறப்புக் கதையைக்கூட விட மனசில்லாத அளவுக்கு ஒரு சொல்லின் மேல் பாசம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சொல்லுக்குக் கொட்டும் கொடுக்கு இருக்கும்வரை யாரும் அதைக் கொஞ்சுவதில்லை. இன்று பிரிட்டனில் 'ஆஹா, எவ்வளவு அழகான பழைய வார்த்தை' என்று கொண்டாடப்படும் சொற்களில் பாதிக்கு மேல் ஒரு காலத்தில் அடி வாங்கித் தந்தவை, அபராதம் கட்ட வைத்தவை, இவன் எந்தத் தெருக்காரன் என்று காட்டிக்கொடுத்தவை. கொடுக்கு விழுந்த பிறகுதான் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறார்கள்.

ஓசைக்கும் இதில் பங்கு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஹிகில்டி-பிகில்டி, டாப்ஸி-டர்வி, ஹெல்டர்-ஸ்கெல்டர் இதெல்லாம் நம் கன்னாபின்னா, தாறுமாறு, அக்குவேறு ஆணிவேறு மாதிரி. அர்த்தம் தெரிவதற்கு முன்பே காட்சி தெரிந்துவிடும். பால்டர்டாஷ் என்ற சொல்லை எடுங்கள், உளறல் என்று பொருள். 17-ஆம் நூற்றாண்டில் அது பாலையும் பியரையும் போல ஒன்றோடொன்று சேராத பானங்களைக் கலந்து வைத்த கலவைக்கும் பெயராக இருந்தது. அந்தக் கலவையை நினைத்தாலே வயிறு என்னமோ செய்கிறது, பேச்சுக்கு அதைவிடப் பொருத்தமான திட்டு கிடைக்குமா? ஃப்ளாபர்காஸ்டட், அதாவது வாயடைத்துப்போன நிலை, 1772-இல் ஒரு ஆண்டு மலரில் 'இந்தக் காலத்துப் புதுப் பேச்சு' என்று குறைபட்டுக்கொள்ளும் கட்டுரையில் தலைகாட்டுகிறது. அதே வரியில் அதனுடன் சேர்த்துக் குட்டு வாங்கிய இன்னொரு புதுச்சொல் 'போர்ட்', சலித்துப்போன என்ற பொருளில். சலித்துப்போன சொல் சாதாரணச் சொல்லாகி யார் கண்ணிலும் படாமல் போய்விட்டது, வாயடைத்த சொல் இன்றும் 'பழைய அழகு' என்று கொண்டாடப்படுகிறது. இரண்டும் ஒரே வயசு. சத்தம்தான் வித்தியாசம்.

சரி, கொடுக்குக்கு வருவோம். பிளைமி, கிரைக்கி என்று பழைய சிறுவர் கதைகளில் வரும் வியப்புச் சொற்கள் இன்று பச்சைக் குழந்தைச் சொல்லாக ஒலிக்கின்றன. பிளைமி என்பது 'கடவுள் என் கண்ணைக் குருடாக்கட்டும்' என்ற சத்தியத்தின் தேய்ந்த வடிவம். கிரைக்கி, கிறிஸ்துவின் பெயரை அப்படியே சொல்லப் பயந்து வளைத்துச் சொன்னது. இன்னும் பழையவை ஸவுண்ட்ஸ், காட்ஸூக்ஸ். முன்னது 'கடவுளின் காயங்கள்' என்பதன் சுருக்கம், பின்னது கடவுளின் கொக்கிகள், அதாவது சிலுவையில் அடித்த ஆணிகள் என்று விளக்குகிறார்கள். இவை விளையாட்டுச் சொற்களாக இருந்ததில்லை. மேடையில் நடிகர்கள் கடவுள் பெயரைக் கேலியாகவோ வீணாகவோ சொன்னால் 10 பவுண்ட் அபராதம் என்று 1606-இல் பாராளுமன்றம் சட்டமே போட்டது. அந்தக் காலத்தில் ஒரு நடிகனுக்கு 10 பவுண்ட் என்பது எழுந்து நிற்க முடியாத தொகை. அதற்குப் பிறகு அச்சான நாடகங்களில் இத்தகைய சொற்கள் வெட்டுப்படுவதும் மழுங்குவதும் தெளிவாகத் தெரிகிறது. இப்போது ஸவுண்ட்ஸ் என்று சொன்னால் கடற்கொள்ளைக்காரன் வேஷம் போட்ட குழந்தைதான் நினைவுக்கு வரும்.

'பிளடி' என்ற சொல்லின் வரலாறு இன்னும் அருகில் நடந்தது. 1914 ஏப்ரல் 11 அன்று லண்டனில் பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' மேடையேறியது. பூ விற்கும் பெண்ணுக்கு மேட்டுக்குடி உச்சரிப்பைக் கற்றுக்கொடுக்கும் கதை. பெரிய வீட்டுத் தேநீர் விருந்தில் அவள் வார்த்தை வார்த்தையாகத் திருத்தமாகப் பேசிக்கொண்டே வந்து, கிளம்பும்போது "நாட் பிளடி லைக்லி", அதாவது 'சத்தியமாக மாட்டேன்' என்பதைக் கெட்ட வார்த்தை சேர்த்துச் சொல்லிவிடுகிறாள். திரையரங்குகளில் நாம் கேட்கும் எதனோடும் அதை ஒப்பிட முடியாது, அரங்கமே ஒரு கணம் உறைந்து, பிறகு சிரிப்பு அடங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனதாக அன்றைய செய்திகள் சொல்கின்றன. அந்தச் சொல்லை அச்சிட வெட்கப்பட்ட பத்திரிகைகள் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதின. கொஞ்ச நாளுக்கு லண்டன்காரர்கள் அந்தச் சொல்லுக்குப் பதில் நாடகத்தின் பெயரையே வைத்து "நாட் பிக்மேலியன் லைக்லி" என்று பேசித் திரிந்தார்கள். நூறு வருஷத்துக்கு முன் அரங்கத்தை உறைய வைத்த சொல்லை இன்று பாட்டிமார்கள் மழையைத் திட்டப் பயன்படுத்துகிறார்கள், அதைக் கேட்டு வெளிநாட்டுக்காரர்கள் 'எவ்வளவு பிரிட்டிஷ்' என்று உருகுகிறார்கள்.

எல்லாச் சொல்லும் அடி வாங்கி வந்தவை என்று சொன்னால் அது மிகை. சில சொற்களின் மேல் பாசம் வருவதற்குக் காரணம், அந்தச் சொல் குறித்த வாழ்க்கைமுறை போய்விட்டு, சொல் மட்டும் தங்கிவிட்டதுதான். ஃபார்ட்நைட் எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம். இரண்டு வாரம் என்று பொருள், ஆனால் உடைத்துப் பார்த்தால் பதினாலு இரவு. ஜெர்மானிய மக்கள் நாளைப் பகலால் எண்ணாமல் இரவால் எண்ணினார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் ஏறத்தாழ கி.பி. 98-இல் எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பழக்கத்தின் மிச்சம் இந்தச் சொல். இதற்கு ஒரு தம்பியும் இருந்தது, ஸென்னைட், ஏழு இரவு, அதாவது ஒரு வாரம். நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் காலத்துக் கடிதங்களில் அது சாதாரணமாக வரும். தம்பி செத்துப்போனது, அண்ணன் பிழைத்துக்கொண்டது. பக்கத்திலேயே வேல்ஸ் மொழியில் வாரத்துக்கு 'வித்னோஸ்', எட்டு இரவு என்று அர்த்தம். இரண்டு வாரத்துக்குப் பதினைந்து இரவு. இரண்டு முனையையும் சேர்த்து எண்ணுகிறார்கள். வளர்பிறை, தேய்பிறை என்று பிறையை வைத்தே நாள் எண்ணிப் பழகிய நமக்கு இந்த இரவுக் கணக்கு அவ்வளவு அந்நியமாகத் தெரியாது. அமெரிக்கர்களுக்குத்தான் ஃபார்ட்நைட் புதிர். அவர்கள் பேச்சில் அது எப்போதோ உதிர்ந்துவிட்டது.

பணத்தைப் பற்றிய சொற்களும் இப்படித்தான். 1971 பிப்ரவரி 15 வரை பிரிட்டனில் 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட். ஷில்லிங்குக்குச் செல்லப்பெயர் 'பாப்', ஆறு பென்னி நாணயத்துக்கு 'டானர்', 21 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு 'கினி'. மருத்துவர், வக்கீல் போன்றவர்கள் கட்டணத்தைக் கினியில் சொல்வது கௌரவம், காய்கறிக்காரர் அப்படிச் சொல்ல மாட்டார். பந்தயக் குதிரை ஏலத்தில் இன்றும் கினியில்தான் விலை கேட்கிறார்கள். நம் ஊரில் 1957 ஏப்ரலில் நயா பைசா வந்த பிறகும் நாலணா, எட்டணா என்று சொல்லிக்கொண்டே இருந்தோமே, எட்டணாவுக்குப் பெறாத ஆள் என்று இன்றும் திட்டுகிறோமே, அதே சங்கதிதான். நாணயத்தைச் செல்லாது என்று ஒரே நாளில் அறிவித்துவிடலாம், நாக்கு அந்த அரசாணையைப் படிப்பதில்லை.

'ஸ்பெண்ட் எ பென்னி' என்று ஒரு வழக்கு உண்டு, ஒரு பென்னி செலவழித்துவிட்டு வருகிறேன் என்றால் கழிப்பறைக்குப் போய் வருகிறேன் என்று பொருள். வயதான பெண்மணிகள் சொல்லும்போது அது நாகரிகத்தின் உச்சமாக ஒலிக்கும். 1851-இல் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்ற பொறியாளர் பொதுக் கழிப்பறைகளை அமைத்தார், அவற்றைக் காசு கொடுத்துப் பயன்படுத்தியவர்கள் 8 லட்சத்து 27 ஆயிரத்துக்கும் மேல். பிறகு ஊர் ஊருக்குப் பொதுக் கழிப்பறைகள் வந்தபோது கதவில் பென்னி போட்டால் திறக்கும் பூட்டு வந்தது. இதில் இன்றைக்கு யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு விஷயம் உண்டு. ஆண்கள் நின்று போகும் இடங்கள் பெரும்பாலும் இலவசம். கதவு, பூட்டு, பென்னி எல்லாம் முக்கியமாகப் பெண்களுக்கான தண்டம். கர்ப்பிணிகளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருபவர்களும் உள்ளே நுழையப் படாத பாடு பட வைத்த சுழற்கதவுகளை எடுக்கச் சொல்லி பார்பரா காஸில் என்ற பாராளுமன்ற உறுப்பினர் போராடினார், 1963-இல் அதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. கையில் ஒரு பென்னி இல்லாமல் தவித்த பெண்கள் இந்தச் சொற்றொடரை எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று யோசிக்கிறேன். இன்று அது ஒரு இனிமையான இடக்கரடக்கல் மட்டும்.

'பாப்ஸ் யுவர் அங்கிள்' கதை நமக்குச் சட்டென்று புரியும். ஒரு வேலை எப்படி எளிதாக முடியும் என்று விளக்கிவிட்டுக் கடைசியில் "அவ்வளவுதான், பாப் உன் மாமா" என்று முடிப்பார்கள். 1887-இல் பிரதமர் சாலிஸ்பரி பிரபு, அயர்லாந்து விவகாரங்களுக்கான பெரிய பதவியை ஆர்தர் பால்ஃபருக்குக் கொடுத்தார். பிரதமரின் முதல் பெயர் ராபர்ட், சுருக்கினால் பாப். பால்ஃபர் அவருடைய அக்கா மகன் அல்லது தங்கை மகன், எப்படியும் சகோதரி மகன். ஆங்கிலத்தில் வெறும் 'அங்கிள்' என்பதால் இதில் முழுச் சுவை இல்லை, நாம் தாய்மாமன் என்று சொன்னால்தான் அந்த நியமனத்தின் கனம் தெரிகிறது. 1902-இல் மாமா இறங்கியதும் மருமகனே பிரதமரும் ஆனார். ஆனால் இங்கும் தேதி இடிக்கிறது, அந்தச் சொற்றொடர் எழுத்தில் கிடைப்பது 1920-களில்தான். 35 வருஷத்துக்கும் மேல் வாயில் மட்டும் வாழ்ந்ததா, அல்லது பொருத்தமாக இருக்கிறதே என்று பின்னால் ஒட்டவைத்த கதையா? பின்னதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 'அட் ஸிக்ஸஸ் அண்ட் ஸெவன்ஸ்', அதாவது ஒரே குழப்பம் என்ற சொல்லுக்கும் லண்டனில் இரண்டு வணிகச் சங்கங்கள் ஊர்வலத்தில் ஆறாவது யார் ஏழாவது யார் என்று சண்டை போட்டு 1484-இல் மேயர் தீர்த்துவைத்த கதை சொல்வார்கள். சண்டை நிஜம், தீர்ப்பும் நிஜம். ஆனால் ஆங்கிலக் கவிஞர் சாஸர் அதற்கு நூறு வருஷம் முன்பே அந்தச் சொல்லை எழுதிவிட்டார்.

இனி வர்க்கம். இதைத் தொடாமல் பிரிட்டிஷ் சொற்களைப் பற்றிப் பேசுவது உப்பில்லாத சாப்பாடு. 1954-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் ராஸ் என்ற மொழியியலாளர், ஃபின்லாந்திலிருந்து வரும் ஒரு ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். பணமோ படிப்போ உடையோ இப்போது மேட்டுக்குடியைக் காட்டிக்கொடுப்பதில்லை, பேச்சு ஒன்றுதான் காட்டிக்கொடுக்கிறது என்பது அவர் வாதம். அடுத்த வருஷம் நான்ஸி மிட்ஃபோர்ட் என்ற எழுத்தாளர், பிரபு வீட்டுப் பெண், அதை எடுத்துப் பத்திரிகையில் எழுதியதும் நாடே பற்றிக்கொண்டது. கண்ணாடிக்கு 'லுக்கிங்-க்ளாஸ்' என்றால் மேல்தட்டு, 'மிரர்' என்றால் கீழே. 'நாப்கின்' மேலே, 'ஸெர்வியட்' கீழே. 'வயர்லெஸ்' மேலே, 'ரேடியோ' கீழே. சரியாகக் காதில் விழாவிட்டால் 'வாட்?' என்று கேட்பவர் பிரபு, 'பார்டன்?' என்று பணிவாகக் கேட்பவர் நடுத்தர வர்க்கம். மேல்தட்டு பழைய, மொட்டையான சொல்லை வைத்துக்கொண்டிருந்தது, மேலே ஏற நினைத்தவர்கள் பிரெஞ்சு வாசனை அடிக்கும் நாசூக்கான சொல்லை எடுத்து அதனாலேயே மாட்டிக்கொண்டார்கள். கட்டுரை வந்த பிறகு எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளைத் திருத்தியிருப்பார்கள், விருந்துக்குப் போய் வாயைத் திறக்கவே பயந்தவர்கள் இருந்திருப்பார்கள். இன்று 'வயர்லெஸ்', 'லுக்கிங்-க்ளாஸ்' இரண்டும் பழங்காலத்து இனிமை என்ற ஒரே கூடைக்குள் போய்விட்டன.

இதன் மறுபக்கம்தான் எனக்கு இன்னும் நெருக்கம். வேலைக்காக மூன்று வருஷம் வட இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருந்தேன். பக்கத்து வீட்டில் எண்பது வயது தாண்டிய ஒரு அம்மா. யாரைப் பார்த்தாலும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார், தபால்காரர் முதல் நான் வரை. முதல் குளிர்காலத்தில் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது "புட் வுட் இன் த ஹோல், லவ்" என்றார். ஓட்டையில் மரத்தை வை. எனக்கு ஒன்றும் புரியாமல் அடுப்பையும் விறகையும் தேடினேன். கதவைச் சாத்து என்று சொல்லியிருக்கிறார். 'நோட்' என்றால் ஒன்றுமில்லை, 'ஓட்' என்றால் ஏதாவது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவர் 'மார்டி', இரண்டு வீட்டுக்கு நடுவே போகும் சந்து 'ஜின்னல்'. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் முடுக்கு என்போம், அதேதான். வேலை நேரத்தை 'நைன் வைல் ஃபைவ்' என்பார், ஒன்பதிலிருந்து ஐந்துவரை.

அந்த ஊர்ச் சொற்களை முதலில் பெரிய அளவில் சேர்த்தவர் ஜோஸஃப் ரைட். பிராட்ஃபோர்ட் அருகே பிறந்து, ஆறு வயதில் கல் குவாரியில் கழுதை ஓட்டி, பிறகு நூற்பாலையில் வேலை பார்த்து, பதினைந்து வயதில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவர். அப்புறம் ஜெர்மனிக்குப் போய் முனைவர் பட்டம் வாங்கினார், ஆக்ஸ்ஃபோர்டில் ஒப்பியல் மொழிநூல் பேராசிரியர் ஆனார். அவருடைய ஆங்கில வட்டார வழக்கு அகராதி 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. குவாரியில் கழுதைக்காரப் பையன்கள் பேசிய சொல்லுக்கு ஆக்ஸ்ஃபோர்ட் பேராசிரியர் அகராதியில் இடம் கொடுத்தார், அந்தப் பையன்களில் அவரும் ஒருவர். அரை நூற்றாண்டு கழித்து, இதே லீட்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஹாரல்ட் ஆர்ட்டனும் அவர் மாணவர்களும் 1950-இல் தொடங்கி 313 ஊர்களுக்குப் போனார்கள். பெரும்பாலும் கிராமம். ஊரை விட்டு அதிகம் வெளியே போகாத வயதானவர்களை உட்காரவைத்து 1,300-க்கும் மேற்பட்ட கேள்விகள். மாட்டுக்கொட்டகையில் இதை என்ன சொல்வீர்கள், இந்தப் பூச்சிக்கு என்ன பெயர், இப்படியே. டிராக்டரும் வானொலியும் வந்து எல்லாம் கரைந்துபோகும் முன் பிடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு.

அந்த அம்மாவை ஒரு நாள் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனபோது நினைவுப்பொருள் கடை ஒன்றில் 'நோட்' என்று பெரிய எழுத்தில் அச்சடித்த தேநீர்க் கோப்பை வைத்திருந்தார்கள். அவர் அதைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லைச் சொன்னதற்காகத் தன் கை விரல் முட்டியில் அளவுகோலால் அடித்த ஆசிரியை ஞாபகம் வருகிறது என்றார். "நத்திங் என்று நூறு தடவை எழுத வைத்தார்கள், லவ்." கோப்பையைத் திரும்ப வைத்துவிட்டார்.

கடைகளில் அச்சாகிற எல்லாமே பழையதும் அல்ல, பிரிட்டிஷும் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பாப்பிகாக் என்ற 'அக்மார்க் பிரிட்டிஷ்' திட்டு 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பிறந்தது. துன்பத்திலும் முகம் மாறாத ஆங்கிலேயனுக்கு அடையாளமான 'ஸ்டிஃப் அப்பர் லிப்' 1815-இல் ஒரு அமெரிக்கப் பத்திரிகையில்தான் முதலில் கிடைக்கிறது. குடைக்கு ஆங்கிலேயர்கள் 'பம்பர்ஷூட்' என்பார்கள் என்று அமெரிக்கர்கள் உறுதியாக நம்புகிறார்கள், அது அமெரிக்கர்களே உருவாக்கிய சொல். ஆங்கிலேயர் சொல்வது 'பிராலி'. 'கீப் காம் அண்ட் கேரி ஆன்', அதாவது பதறாமல் வேலையைப் பாருங்கள் என்ற சுவரொட்டி 1939-இல் 24 லட்சத்துக்கு மேல் அச்சடித்தும் போர்க்காலத்தில் ஏறக்குறைய ஒட்டப்படவே இல்லை, 2000-இல் ஆல்னிக் என்ற ஊரின் பழைய புத்தகக் கடை ஒன்றில் ஒரு பிரதி அகப்பட்ட பிறகுதான் உலகம் முழுக்கப் போனது. இதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. எனக்கு இல்லை. தன் மொழியை விட்டு விலகியிருப்பவர்களும் அதைக் கற்பனையில் கட்டிக்கொள்வார்கள், அதுவும் பாசம்தான்.

நம்மிடமிருந்து போனவற்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. அசலான, உறுதியான எதற்கும் 'பக்கா', சுகமான வேலைக்கு 'குஷி' என்பதிலிருந்து வந்த 'குஷ்ஷி', ஒரு பார்வை பார்ப்பதற்கு இந்தி 'தேக்கோ'விலிருந்து 'டெக்கோ'. இவையெல்லாம் இன்று பழைய ஆங்கிலேயப் பட்டாளத்துக்காரரின் பேச்சு என்று ரசிக்கப்படுகின்றன. 'பிளைட்டி' என்றால் தாய்நாடு இங்கிலாந்து. மூலம் 'விலாயத்தி', நாம் சீமை என்போமே, அது. முதல் உலகப்போர்ப் பதுங்குகுழிகளில், ஊருக்கு அனுப்பும் அளவுக்குப் பட்ட, ஆனால் உயிரை எடுக்காத காயத்துக்குப் பெயர் 'எ பிளைட்டி ஒன்'. புத்தி பேதலித்தவரை 'டூலாலி' என்பார்கள், நாசிக் பக்கத்தில் தேவ்லாலி முகாமில் கப்பலுக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்து வெறுத்துப்போன சிப்பாய்களால் வந்தது. தமிழிலிருந்து கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி. 'மல்லிகடானி' என்று அந்தச் சூப் இன்றும் டப்பாவில் விற்கிறது. மதராஸில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களை மற்ற மாகாணத்துக்காரர்கள் அதை வைத்தே 'மல்ஸ்' என்று கூப்பிட்டார்கள்.

இந்தச் சொற்களின் பெரிய அகராதியான ஹாப்ஸன்-ஜாப்ஸன் 1886-இல் வந்தது. தொகுத்த இருவரில் ஒருவர் ஆர்தர் பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனை நூலகத்தின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். நூல் வெளிவரும் முன்பே 1882-இல் இறந்துபோனார். முகரம் ஊர்வலத்தில் எழும் 'யா ஹஸன், யா ஹுசைன்' என்ற துயரக் குரலைச் சிப்பாய்கள் காதில் வாங்கிய விதம்தான் அந்தத் தலைப்பு. இன்று ஆங்கில வாசகர்களுக்கு அது துள்ளலான பெயர். அந்தத் துள்ளலுக்கு அடியில் ஒருவர் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறார் என்பது எனக்குப் படிக்கும்போதெல்லாம் உறுத்தும்.

அப்புறம், பிரிட்டன் கைவிட்டதை நாம் இன்னும் புழங்குகிறோம். டிஃபன் அங்கே அருங்காட்சியகச் சொல், இங்கே காலை ஏழரை மணிச் சொல். 'டூ த நீட்ஃபுல்' 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய வழக்கு, அங்கே மங்கிவிட்டது, நம் அலுவலகங்களில் தினமும் அனுப்பப்படுகிறது, 'ஆவன செய்யுமாறு' என்று தமிழிலும் அதற்கு ஒரு ஜோடி இருக்கிறது. இதைப் பார்த்து லண்டன்காரர்கள் நெகிழ்வதைக் கேட்டிருக்கிறேன், எங்கள் தாத்தா பேசியது மாதிரி இருக்கிறது என்று.

'யுவர் ஒபீடியன்ட் ஸெர்வன்ட்' மட்டும் வேறு கதை. அங்கே அது வெறும் மரியாதைச் சடங்கு, மேலதிகாரி கீழே இருப்பவருக்கு எழுதினாலும் அப்படியே கையெழுத்திட்டார். நமக்கு வந்து சேர்ந்தபோது அது ஒருவழிப் பாதையாகிவிட்டது. காய்ச்சல் என்று மூன்றாம் வகுப்பில் நான் எழுதிய விடுப்புக் கடிதத்தில் "தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவன்" என்று முடித்திருக்கிறேன், குமாஸ்தாவாக இருந்த என் அப்பா ஓய்வு பெறும் நாள்வரை மேலே இருப்பவர்களுக்கு அப்படித்தான் எழுதினார், மேலேயிருந்து அவருக்கு வந்த எந்தக் கடிதமும் அப்படி முடிந்ததில்லை. மனு எழுதிக் கொடுப்பவர்கள் தாலுகா அலுவலக வாசலில் இன்றும் அதை எழுதுகிறார்கள், எழுதாவிட்டால் மனு நகராது என்று கொடுப்பவரும் நம்புகிறார். அந்த வரியை அச்சடித்த தேநீர்க் கோப்பையை நான் இதுவரை எந்தக் கடையிலும் பார்க்கவில்லை.